சங்குக்கு முன்னே போன கரண்ட்

காலனித் தெரு,
அரியலூர் மாவட்டம்.
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

வெற்றிச்செல்விக்கு,

சுவர் விழுந்த அன்று என் வீட்டில் இருந்தவர்கள் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு எவரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது.

நான், இருசம்மாள். மிக்சி பாதியில் நின்றுபோனதால் மிச்ச மல்லியை அம்மியில் வைத்து அரைத்தேன். என் மகன் இளையபெருமாள், உன் தாய்மாமன். சுரங்கத்து டிப்பர் ஓட்டுகிறவன் மத்தியானத்தில் வீட்டுக்கு வரமாட்டான். அன்றைக்குத் தலைவலி என்று வந்திருந்தான். அவனுடைய வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. அவன் பெண்டாட்டி செல்வம்மாள் பின்பக்கம் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு வாசலில் உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னான். பின்சுவர் நிழலில் அமாவாசை. பக்கத்து வீட்டுக்காரன், எனக்குத் தம்பி முறை. தினமும் அந்த நிழலில்தான் ஆட்டுக்குத் தழை கட்டுவான். அன்று சுரங்கத்தில் பாறை உடைக்க வேட்டு வைத்தார்கள். சுவர் அவன் மேல் விழுந்தது.

சாயங்காலம் பெரம்பலூர் பஸ்ஸில் இறங்கியவர்கள் நீயும் உங்கள் காலேஜ் அண்ணாதுரை சாரும். என் வீட்டு அலமாரிக்குக் கீழே நீ வைத்துவிட்டுப் போயிருந்த, வேட்டு அதிர்வைப் பதிகிற பெட்டியைத் திறந்தாய். பச்சை விளக்கு எரிந்தது. தெருவே நின்றுகொண்டிருந்தது. "பதிஞ்சிருச்சு அம்மாயி. கரண்ட் போனாலும் இது மறக்காது" என்று சொன்னது நீதான். நீலச் சுடிதார் போட்டிருந்தாய். இடது கையில் மை.

அந்தச் சொல்லை நம்பித்தான் ஒரு லோடு வண்டி பிடித்து எல்லோரும் அரியலூருக்கு விசாரணைக்கு வந்தோம். கோட்டாட்சியர் முன்னால் சுரங்கத்து ஆள் எழுந்து, அன்றைக்குச் சின்ன வேட்டுதான், காலனிச் சுவர் பழசு, தானாக விழுந்தது என்றான். நான் எழுந்து, "எம்பேத்தி பெட்டி சொல்லும், இருங்க" என்றேன். கிழக்குக் குழியில் வீடுகளுக்குப் பக்கத்தில் வேட்டு வைப்பதை நிறுத்தச் சொல்லி ஒரு வார்த்தை. அது ஒன்றுதான் நாங்கள் கேட்டது. நீ எழுந்து நின்று என்ன சொன்னாய்? "அந்த நேரத்துப் பதிவு இல்லீங்க சார்."

என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வரும்போது வண்டியில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் யாரும் உட்காரவில்லை.

போன் செய்யாதே. போனை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன். போனில் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன். அப்புறம் என்ன பேசினோம் என்று ஆளுக்கு ஒன்று சொல்வோம். மூணாவது வரைக்கும் படித்த எழுத்தில் நான் எழுதுகிறேன், காலேஜ் எழுத்தில் நீ எழுது. உன்னை எதற்கு வாங்கினார்கள் என்று மட்டும் சொல்.

இருசம்மாள்.


பெரம்பலூர்,
4.8.2025

அம்மாயி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. என்னை யாரும் வாங்கவில்லை. நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். பெட்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஊரில் மக்காச்சோளத்தைக் களத்தில் கொட்டிக் காயவைத்து, பிறகு வீட்டுக்குள் சுமப்பார்களே, கம்ப்யூட்டரிலும் அப்படி இரண்டு இடங்கள் உண்டு. களம் வேகமானது. ஆனால் கரண்ட் போனால் மழை பெய்தது மாதிரி, களத்தில் இருப்பது அத்தனையும் போய்விடும். வீடு பத்திரமானது. ஆனால் சுமந்து சேர்க்க நேரமாகும். உங்கள் தரையில் பதித்த கறுப்புக் குமிழ்கள் ஒவ்வொரு கணமும் ஆயிரக்கணக்கான அதிர்வுகளை அனுப்பும். பழைய பெட்டிகள் சுமந்து சேர்ப்பதற்குள் திணறின. அதுவும் நம் ஊரில். ஒரு வேட்டுக்கு டி.வி. கருகியதிலிருந்து, வேட்டுக்கு முன்னால் சுரங்கத்துச் சங்கு ஊதினாலே மெயினை அணைக்கும் பழக்கம் நமக்கு. எந்த நேரத்தைப் பதிய வேண்டுமோ சரியாக அந்த நேரத்தில் கரண்ட் இருக்காது.

அதற்காகத்தான் புது வகை நினைவகம் கொண்டுவந்தோம். களத்துக்கே கூரை போட்ட மாதிரி. கொட்டிய இடத்திலேயே சோளம் பத்திரமாக இருக்கும். சுமக்கிற வேலை இல்லை, அதனால் வேகம். கூடவே ஒரு சின்ன பேட்டரி. நீங்கள் சங்குக்கு மெயினை அணைத்தால் வேட்டு வெடித்து முடியும் வரைக்கும் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்தது.

ஆனால் களத்துக்கு முன்னால் இயந்திரத்தின் கையில் ஒரு கூடை இருக்கிறது. கூடை நிறைந்தால்தான் களத்தில் கொட்டும். நடுவில் கரண்ட் போனால் கூடையில் இருப்பது போய்விடும். அதனால், "கூடையைக் கொட்டு, கொட்டி முடித்த பிறகு மட்டும் பதிந்தது என்று குறி வை" என்று ஒரு வரி எழுத வேண்டும். அன்று ஓடிய புரோகிராமில் அந்த வரி இல்லை. வேட்டு நடுவில் பேட்டரி தீர்ந்திருக்கிறது. குறி இருந்தது, பச்சை விளக்கு எரிந்தது. நானும் நம்பிவிட்டேன். காலேஜில் போய்த் திறந்து பார்த்தால், குறிக்குக் கீழே ஒன்றுமில்லை.

இல்லாததை இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? அமாவாசைத் தாத்தாவைப் பார்க்க வந்தேன். வாசலோடு திரும்பிவிட்டேன்.

வெற்றிச்செல்வி.


ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

வெற்றிக்கு,

என்ன திடீரென்று 'நீங்கள்'? பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்றுதானே கூப்பிட்டாய். மரியாதை கொடுத்தால் கோபம் போய்விடும் என்று உனக்கு யார் சொன்னது? உன் அப்பனும் இப்படித்தான். உன் அம்மா கல்யாணத்துக்கு என் வெங்கல அண்டாவை வாங்கிப் போனபோது 'அத்தை அத்தை' என்றார். அண்டா இன்னும் வரவில்லை. அதையும் நான் மறக்கவில்லை என்று சொல்.

களம், கூடை எல்லாம் புரிந்தது. நீ சின்ன வயசிலிருந்தே எதையும் விளக்கிச் சொல்வாய். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டாய். அந்த வரி இல்லை என்று எழுதியிருக்கிறாய். முதலிலிருந்தே இல்லையா, இருந்து போனதா? பெட்டியைக் கொண்டுவந்த அன்று நீ என்ன செய்தாய் என்று எனக்கு நினைவிருக்கிறது. நான்தான் மெயினை அணைத்தேன், நீ போடச் சொன்னாய், நான் போட்டேன். திரும்பத் திரும்ப அதையே செய்துவிட்டு, "ஒண்ணுகூட சிந்தல அம்மாயி" என்று குதித்தாய். அன்றைக்குச் சிந்தாதது அப்புறம் எப்படிச் சிந்தும்? வரிக்குக் கைகால் முளைத்து நடந்து போகாது. எடுத்தது யார்? பேர் வேண்டும்.

அமாவாசைக்கு இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். திருச்சியிலிருந்து கூட்டிவந்து போட்டிருக்கிறார்கள். போய் உட்கார்ந்தேன். "பெட்டி சொல்லிருச்சாக்கா?" என்றான். அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் என்ன சொல்லட்டும்? "சொல்லும்டா, கொஞ்சம் மெதுவாச் சொல்லும்" என்றேன். அவன் சிரித்தான். "நம்ம வெற்றி புள்ளை மாதிரியா? அதுவும் மெதுவாத்தான் பேசக் கத்துக்கிச்சு." அவனுக்கு உன் மேல் ஒன்றும் இல்லை. அவனுக்கும் சேர்த்து எனக்கு இருக்கிறது.

நேற்றும் வேட்டு வைத்தார்கள். இப்போது வேப்பமரத்தடியில் போய் நின்றுகொள்கிறோம், தெருவே. இப்படித்தான் இருக்கப் போகிறது.

இருசம்மாள்.


பெரம்பலூர்,
18.8.2025

அம்மாயி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பேர் எழுதுகிறேன்.

வரியை எடுத்தது அண்ணாதுரை சார். பெட்டியை உன் வீட்டில் சோதித்தபோது வரி இருந்தது, நானே எழுதியது. ஒவ்வொரு கூடையையும் கொட்டி முடியும் வரை இயந்திரம் காத்திருக்க வேண்டும் இல்லையா, அதனால் வேகம் குறையும். ஐதராபாத்தில் ஒரு மாநாடு. பழைய பெட்டியை விட எங்கள் பெட்டி எவ்வளவு வேகம் என்று காட்ட வேண்டும். வரியை எடுத்துவிட்டால் வேகம் பல மடங்கு ஏறும். "சோதனைக்கு மட்டும்தாம்மா எடுக்கறேன், அப்புறம் போட்ருவேன்" என்றார். எடுத்தது எனக்குத் தெரியும். போட்டாரா என்று நான் திரும்பப் பார்க்கவில்லை. எடுத்த புரோகிராம்தான் எல்லாப் பெட்டிகளுக்கும் போயிருக்கிறது. மாநாட்டில் கை தட்டினார்களாம்.

இன்னொன்று. விசாரணைக்கு முதல் நாள் அவர் என்னைக் கூப்பிட்டார். "அந்த வெற்றிடத்துல பழைய பெரிய வேட்டுப் பதிவு ஒண்ணைக் கொஞ்சம் ஏத்தி வெச்சுரும்மா. சுவர் நெசமாத்தானே விழுந்துச்சு. நாம பொய்யா சொல்றோம்? பெட்டி பேரும் கெடாது, உங்க ஊருக்கும் நல்லது" என்றார். அவர் கெட்டவர் இல்லை அம்மாயி. அவருக்கு அதில் தப்பே தெரியவில்லை. எனக்கும் ஒரு மணி நேரம் தெரியவில்லை. கீபோர்டில் கைகூட வைத்துவிட்டேன். செய்யவில்லை. அதைத்தான் நீ கோட்டாட்சியர் ஆபீசில் பார்த்தாய். இப்போது அந்த ஆராய்ச்சியில் நான் இல்லை. வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

இனி எழுதப் போவதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாளாக வைத்திருந்தேன்.

பேட்டரி ஏன் வேட்டு நடுவில் தீர்ந்தது என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அது அப்படித் தீரக் கூடாது. சங்கு ஊதி நீ மெயினை அணைத்தாலும் மிச்சம் இருக்க வேண்டும். பெட்டியில் முன்னதாகக் கொட்டி முடித்தவை அழியாமல் இருக்கின்றன. அதில் கரண்ட் எப்போது போனது என்ற நேரம் இருக்கிறது. சுரங்கத்துக்காரர்கள் சங்கு ஊதிய நேரத்தை விசாரணையில் அவர்களே கொடுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தேன்.

சங்கு ஊதுவதற்கு வெகு நேரம் முன்பே உன் வீட்டில் கரண்ட் போயிருக்கிறது. மின்வாரியத்தில் கேட்டேன், உங்கள் தெருவில் அன்றைக்கு மின்தடை இல்லை. உன் வீட்டில் மட்டும்தான்.

இதைச் சொல்லி மறுவிசாரணை கேட்கலாம். சுரங்கத்துக்குத் தெரியாமல், பெட்டி இருக்கிற வீட்டில் மட்டும் கரண்ட் அப்படி முன்கூட்டிப் போகுமா என்று கேட்டால் அவர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் முதலில் என்னைக் கேட்பார்கள், மெயின் பக்கத்தில் யார் இருந்தது என்று. உன் முதல் கடிதத்தில் எல்லார் பேரும் இருக்கிறது அம்மாயி. நான் என்ன சொல்லட்டும்? நீ வேண்டாம் என்றால் நான் கொடுக்கவில்லை. கைத்தவறாகக்கூட இருக்கலாம். தப்பு என் பெட்டியோடு போகட்டும் என்றாலும் எனக்குச் சரிதான்.

வெற்றி.


ஆவணி, வெள்ளிக்கிழமை.

வெற்றிக்கு,

கடிதம் வந்தது. யாரிடமும் வாய் திறக்காதே. உன் அம்மாவிடம்கூட. நான் ஒன்றைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

இருசம்மாள்.


ஆவணி, வளர்பிறை, திங்கட்கிழமை.

கண்ணு வெற்றி,

மிக்சி நின்றதை உனக்கு நான் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். எழுதியும் அது என்ன என்று எனக்கே தெரியவில்லை. நினைவு இருந்து என்ன, இதோடு இது என்று யாராவது சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது. கரண்ட் போயிருச்சு என்று நினைத்துத்தான் அம்மிக்குப் போனேன். ஆனால் பக்கத்து வீட்டில் அமாவாசை பெண்டாட்டி டி.வி.யில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அரைத்து முடித்துக் கையைக் கழுவும்போதுதான் சங்கு ஊதியது.

இளையபெருமாள் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருந்தேன். உனக்குத் தெரியாது, விசாரணை முடிந்த வாரத்திலிருந்து அவன் டிப்பர் ஓட்டுவதில்லை. மஞ்சள் தொப்பி போய் வெள்ளைத் தொப்பி வந்திருக்கிறது. நின்று கை காட்டுகிற வேலை. தொப்பியை அலமாரி மேல் வைத்தான், உன் பெட்டி இருந்த இடத்துக்கு நேர் மேலே.

"அன்னிக்கு மெயினை யாருடா அணைச்சது?" என்றேன்.

"என்னிக்கு?"

"அமாவாசைக்குக் காலு போன அன்னிக்கு."

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "சங்கு ஊதுனா அணைக்கிறது நம்ம வூட்டுப் பழக்கந்தானே. நீதானே பழக்கிவுட்ட. கை தானாப் போயிருக்கும்."

"வெற்றி மெயின்மேல காயிதம் ஒட்டியிருந்தாளே, அணைக்காதீங்கன்னு."

"பழக்கம்மா. காயிதத்தைப் பாத்தா கை போவும்?"

"சங்கு ஊதலையேடா அப்ப."

"ஊதுச்சு."

"நான் அம்மியில அரைச்சு முடிச்சப்பத்தான் ஊதுச்சு. அதுக்கு எம்மாம் நேரம் முந்தி மிக்சி நின்னுச்சு தெரியுமா?"

அவன் தட்டைப் பார்த்தான். செல்வம்மாள் குழம்புக் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"வண்டியை எப்பவும் பின்சுவத்தோரமாத்தானே நிறுத்துவ. அன்னிக்கு ஏன் வேப்பமரத்தடி?"

"வெயிலு."

"சுவத்தோரம் நெழலா இருந்துச்சுடா. அந்த நெழல்லதானே அவன் உக்காந்திருந்தான்."

தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு அவனே சொன்னான். பெரிய வேட்டு என்று டிரைவர்களுக்குக் காலையிலேயே தெரியுமாம். குழிக்குள்ளிருந்து வண்டிகளை வெளியே ஓட்டச் சொன்னார்களாம். வீட்டில் இருக்கிற பெட்டி இன்றைக்கு ஓடக்கூடாது என்று ஒருத்தர் அவன் காதில் போட்டாராம். சங்குக்குத்தான் அணைப்பார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். சங்குக்கு அணைத்தால் பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி தாங்கிவிடும் என்பதும் தெரியும், அதனால்தான் முன்கூட்டியே அணைக்கச் சொன்னார்களாம். பேட்டரி இருப்பதை அவர்களுக்குச் சொன்னது இவன்தான். நீ அவனுக்குப் பெருமையாக விளக்கிச் சொன்னாய், நினைவிருக்கிறதா? "மாமா, இதுல பேட்டரிகூட இருக்கு" என்று. மாமா கேட்கிறாரே என்று சொன்னாய்.

"சுவரு விழும்னு எனக்குத் தெரியாதும்மா" என்றான்.

"தெரியாமத்தான் பொண்டாட்டியை வாசலுக்குக் கூப்ட்டியா?"

"ஒரு பயத்துலதான்."

"அமாவாசையை ஏன்டா கூப்டல? அந்த ஒரு சத்தம் போட்டிருந்தா எந்திரிச்சு வந்திருப்பானே."

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். என் காதில் இன்னும் இருக்கிறது. சாகும் வரை இருக்கும்.

"கூப்ட்டா ஏன்னு கேப்பாரு."

செல்வம்மாள் கரண்டியை வைத்துவிட்டு வாசல்வழியே இறங்கி அமாவாசை வீட்டுக்குப் போனாள். இன்னும் இந்த வீட்டில் சாப்பிடவில்லை.

நீ அந்த வெற்றிடத்தை நிரப்பியிருக்கலாமே என்று எனக்கு ரெண்டு நாள் உன்மேல் ஆத்திரம். நடந்ததைத்தானே வைக்கச் சொன்னார், வைத்தால் என்ன என்று. இப்போது யோசித்தால், நீ நிரப்பியிருந்தால் பெட்டி நன்றாக வேலை செய்தது என்று எல்லோரும் கலைந்து போயிருப்பார்கள். பேட்டரி ஏன் தீர்ந்தது என்று நீயும் உறுத்தலோடு உட்கார்ந்திருக்க மாட்டாய். வெள்ளைத் தொப்பி என் அலமாரி மேலேயே இருந்திருக்கும். வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டாய் பார், அது போதும். லோடு வண்டியில் எனக்குப் பக்கத்தில் உட்காராதவர்களிடம் இதை நானே சொல்லிக்கொள்கிறேன்.

மறுவிசாரணை மனுவைக் கொடு. மெயின் பக்கத்தில் யார் என்று கேட்டால் நீ எதுவும் சொல்லாதே, உன் வாயால் மாமன் பேரைச் சொல்ல வேண்டாம். இருசம்மாளைக் கூப்பிடுங்கள் என்று சொல். பஸ் ஏறி நானே வருகிறேன். உன் தாத்தா செத்தபோது சான்றிதழ் கேட்டு அந்த ஆபீசில் நின்ற இடம் எனக்குத் தெரியும். அதே இடத்தில் நின்று, உனக்கு எழுதிய வரிசையில், மிக்சியில் ஆரம்பித்து எல்லார் பேரையும் சொல்வேன். அடுத்த வேட்டுக்கு இந்தத் தெருவில் யாரும் மரத்தடியில் நிற்கக் கூடாது.

வேட்டு வைத்தவர்களிடம் நான் எதையும் எதிர்பார்த்ததில்லை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அண்ணாதுரை சார் வேகத்துக்கு ஆசைப்பட்டார். அவரை மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன், ஓரமாக வைத்திருக்கிறேன். ஒரு நாள் வந்து அமாவாசை முன்னால் உட்காரச் சொல். உன் அப்பன் அண்டாவைத் திருப்பிக் கொடுத்தால் அதையும் விட்டுவிடுகிறேன். வரியைப் போட்டாரா என்று நீ திரும்பப் பார்க்கவில்லை. அதை உனக்கு எப்போதோ விட்டாயிற்று. போனைப் பானையிலிருந்து எடுத்துவிட்டேன். அரிசித் தூசி போகத் துடைத்து வைத்திருக்கிறேன், கூப்பிடு.

அஞ்சு வருஷம் பிள்ளை இல்லாமல், கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்கு வெறுங்காலில் நடந்து வேண்டிப் பெற்றேன். அந்தச் சாமி பேரையே வைத்தேன். வீட்டில் ஒருவனை நான் மன்னிக்க மாட்டேன் என்றால் அது யாராக இருக்கும் என்று என் பெருமாள்கூட நினைத்திருக்க மாட்டார். இளையபெருமாள்.